யாருக்கு அடக்கம் இல்லை?

பரீட்சை முடிவு வெளியாகும் வாரத்தில் மதுரை வீதிகளில் இரண்டு தீர்ப்புகள் காதில் விழும். தேறிய பிள்ளைக்கு, "நல்ல மூளை." தேறாத பிள்ளைக்கு, "மனசை அடக்கத் தெரியாத பயல்." வெற்றி பிறவியிலேயே வந்த சொத்து, தோல்வி மட்டும் பிள்ளை தானே தேடிக்கொண்ட பாவம்! இந்த இரட்டைத் தராசைப் பிடித்திருப்பவர்கள் நம்மைப் போன்ற நடுத்தரக் குடும்பத்துப் பெரியவர்கள்தாம்.

இதற்கு விஞ்ஞானத்தையும் சாட்சிக்கு இழுக்கிறார்கள். 2005-ஆம் ஆண்டில் ஆஞ்சலா டக்வொர்த், மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளநூல் அறிஞர்கள் எட்டாம் வகுப்பு மாணவர் 164 பேரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மதிப்பெண்களின் ஏற்றத்தாழ்வில் அறிவுத்திறனைவிடத் தன்னடக்கத்துக்கு இரு மடங்குக்கு மேல் பங்கு இருந்ததாம். எனக்கு அதில் சண்டை இல்லை. ஆனால் அது மாணவர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஒரு பள்ளி. அதைச் சொல்ல மட்டும் நம் உபதேசிகள் மறந்துவிடுகிறார்கள்.

மதுரையைச் சுற்றியுள்ள மல்லிகைத் தோட்டங்களுக்கு விடியுமுன் போய்ப் பாருங்கள். மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும். விரிந்துவிட்டால் மாட்டுத்தாவணிச் சந்தையில் விலை போகாது. தாயோடு குனிந்து பறிக்கும் பள்ளிக்கூடத்துப் பெண்களையும் அங்கே காணலாம். தூக்கத்தை உதறி, பழையதைக் கரைத்துக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு ஓடுகிற அந்தப் பெண்ணிடம் இருப்பது அடக்கம் இல்லையென்றால் வேறு எதற்கு ஐயா அந்தப் பெயர்? பிற்பகல் கணக்கு வகுப்பில் அவள் கண் சொக்கினால், "அக்கறை இல்லாதவள்" என்று எழுதிவிடுகிறோம். தனியறையில், மின்விசிறிக் காற்றில், நேரத்துக்கு வரும் ஹார்லிக்ஸோடு படிக்கும் நம் வீட்டுப் பையன் அடக்கசாலி. அவன் செல்போனைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறவள் அவன் அம்மா. பாதி அடக்கம் அவளுடையது!

மிட்டாய்க் கதையையும் சொல்வார்கள். ஸ்டான்போர்டில் வால்ட்டர் மிஷல் 1960-களில் தொடங்கிய சோதனை அது: உடனே தின்றால் ஒன்று, காத்திருந்தால் இரண்டு. காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் நன்றாகப் படித்தார்கள் என்பது கதை. 2018-இல் 900-க்கு மேற்பட்ட குழந்தைகளை வைத்து அதை மறுபடி ஆராய்ந்தார்கள். குடும்பச் சூழ்நிலையையும் கணக்கில் சேர்த்தவுடன் அந்தத் தொடர்பு பெரிதும் மெலிந்துபோயிற்று. 2013-இல் வெளியான இன்னொரு சோதனை எனக்கு இன்னும் பிடிக்கும். சொன்ன வாக்கைக் காப்பாற்றிய பெரியவரை நம்பிக் குழந்தைகள் சராசரி 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் 3 நிமிஷம்தான். பட்டம் வாங்கிய அண்ணன் வேலையின்றித் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் வீட்டில், "படி, பின்னால் நன்றாயிருப்பாய்" என்ற வாக்கை ஒரு பெண் எத்தனை நிமிஷம் நம்புவாள்?

பசியை அடக்கிக்கொண்டு படியுங்கள் என்று காமராஜர் சொல்லவில்லை. 1956-இல் மதிய உணவு போட்டார். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15 அன்று இதே மதுரையில்தான் தொடங்கியது. அதை 1 முதல் 5-ஆம் வகுப்பு வரைக்கென்றே வகுத்தார்கள். நம் பூப்பறிக்கும் பெண் ஒன்பதாவது படிக்கிறாள்.