ஒன்பதாம் மாத ஊசிக்கு வரும் தாய்

ஒன்றரை மாத ஊசிக்கு வரும் தாயிடம் பால் போதுகிறதா, தையல் ஆறிவிட்டதா என்று கேட்கிறோம். குழந்தை தூங்கும் நேரத்தில் அவருக்குத் தூக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை. கேட்டால் பலரைக் காப்பாற்றலாம்.

பிரசவமான முதல் வாரத்து அழுகை பெரும்பாலோருக்கு உண்டு; இரண்டு வாரத்தில் தானே அடங்கிவிடும். அதன் பிறகும் நீடிப்பது வேறு. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரத்தில் நடந்து 2002இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 சதவீதம் என்றது. குறைந்த வருமானம், மகனை எதிர்பார்த்த வீட்டில் பிறந்த மகள், மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கைக்கு உதவியின்மை ஆகியவற்றை அது இதற்கான ஆபத்துக் காரணிகளாகக் கண்டது. எல்லாப் பழியையும் ஹார்மோன் மீது போட்டுவிட முடியாது.

மனச்சோர்வையாவது சில நேரம் கண்டுகொள்கிறோம், பதற்றத்தைத் தவறவிடுகிறோம். நள்ளிரவில் குழந்தை மூச்சு விடுகிறதா என்று பத்து முறை எழுந்து பார்க்கும் தாயை 'முதல் பிள்ளை, பயம் இருக்கும்' என்று அனுப்பிவிடுகிறோம். பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டறியும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளில் மூன்று பதற்றத்துக்கானவை. கூட்டுத்தொகையோடு அந்த மூன்றையும் தனியே பாருங்கள். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு 'இல்லை' என்பதைத் தவிர எந்தப் பதில் வந்தாலும், கூட்டுத்தொகை எவ்வளவாக இருந்தாலும், அன்றே பேச வேண்டும்.

'குழந்தையைக் கிணத்துல போட்டுடுவேனோன்னு பயமா இருக்கு' என்று நடுங்கிச் சொல்லும் தாய், பெரும்பாலும் அந்த நினைப்பை வெறுக்கும் பதற்றக்காரர். அவரிடமிருந்து குழந்தையை அவசரப்பட்டுப் பிரித்தால் நோய் முற்றலாம். குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்று உறுதியாக நம்புபவரின் நிலை வேறு; ஆயிரம் பிரசவத்தில் ஓரிருவருக்கு வரும் அந்த மனநோய்க்கு அன்றே மருத்துவமனை வேண்டும்.

எங்களை அதிகம் வருத்துவது காலக்கணக்கு. ஒன்றரை மாதத்தில் பல தாய்மார் தாய் வீட்டில் இருக்கிறார்கள். வெந்நீர் வைக்கவும் குழந்தையை வாங்கிக்கொள்ளவும் ஆள் உண்டு. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீடு திரும்பியதும் அடுப்படி, துணி, இரவுப் பால் எல்லாம் ஒருவர் தலையில். பார்த்துப் பழகிய செவிலியரும் மாறிவிடுகிறார். உதவி குறையும் அந்த மாதங்களில்தான் நாமும் கேட்பதை நிறுத்திவிடுகிறோம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ரூபெல்லா ஊசிக்கு வரும்போது மறுபடி கேளுங்கள். மாமியார் குழந்தையை எடை பார்க்கக் கொண்டுபோகும் அந்த ஐந்து நிமிடம் போதும். இதே சோர்வைத் தரக்கூடிய இரத்தசோகையையும் தைராய்டையும் பரிசோதியுங்கள். பால் கொடுக்கிறார் என்பதற்காக மருந்தைத் தள்ளிப்போட வேண்டாம். மனச்சோர்வுக்கான செர்ட்ராலின் மருந்து தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது. வீட்டிலிருந்து பேச மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416ஐத் தாய்-சேய் நல அட்டையிலேயே எழுதிக் கொடுங்கள். தாய் ஊர் மாறும் நாளில் புகுந்த ஊர்ச் செவிலியரிடம் தடுப்பூசி விவரத்தோடு அவர் மனநிலையையும் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.