வண்டியை இறக்கிய தம்பிக்கும், அதற்கு லைக் போட்டவர்களுக்கும்

நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு ‘அருமை சார்’ என்று போடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். வகுப்பிலும் நீங்கள் அப்படித்தான்.

போன அமாவாசைக்கு என் பழைய மாணவன் ஒருவன் சித்தர் கோவிலுக்குக் காரில் அழைத்துப் போனான். பெயர் வேண்டாம். நம் இளம்பிள்ளையிலேயே சேலை வியாபாரம் செய்து, உழைத்துச் சேர்த்து, மின்சார கார் வாங்கியிருக்கிறான். முன்னால் அவனும் நானும். பின்னால் அவன் அம்மா, மனைவி, ஆறு வயதுப் பிள்ளை. ஊர் தாண்டுவதற்குள் ஒரு வேகத்தடை. காலுக்கடியில் ‘கர்ர்ர்’ என்று இழுத்தது.

“என்னப்பா அது?”

“ஒண்ணுமில்லீங்க சார். ஸ்பிரிங் மாத்தி ஒன்றரை இஞ்ச் இறக்கியிருக்கேன். லுக்கு நல்லா இருக்கும், ரேஞ்சும் கூடும்னாங்க.”

போய்த் திரும்புவதற்குள் அந்தச் சத்தம் ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் அவன் அம்மா ‘முருகா’ என்றார்கள். அன்று இரவே அவன் காரின் படத்தைப் போட்டான். ‘மாஸ்’, ‘வேற லெவல்’ என்று எழுதியவர்களில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். என் அக்கா மகனும் ஒருவன். அதனால்தான் அவனிடம் தனியாகப் பேசாமல் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வண்டியைத் தாழ்த்தினால் வளைவில் சாய்வது குறையும். வேகமாகப் போகும்போது அடியில் புகும் காற்றும் கொஞ்சம் குறையும். இரண்டும் உண்மை. ஆனால் காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவது. காகாபாளையம் தாண்டி கோவை நெடுஞ்சாலையில் நூறில் போனால் ஏதோ கொஞ்சம் மிச்சமாகலாம். இளம்பிள்ளைக் கடைவீதியில் முப்பதில் போகிறவனுக்கு என்ன மிச்சம்? அதோடு அழகுக்காக அகல டயரும் போட்டிருக்கிறான். ஸ்பிரிங்கில் கிடைத்ததை டயர் தின்றுவிடும்.

இப்போது கணக்குக்கு வருவோம். பலகையில் எழுதுவதுபோல் எழுதுகிறேன்.

2020-இல் வந்த டாடா நெக்ஸான் மின்சார காருக்கு நிறுவனம் சொன்ன தரை இடைவெளி 205 மில்லிமீட்டர். இதை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். நம் தம்பியின் கார் எது என்று தேட வேண்டாம். ஒன்றரை இஞ்ச் என்பது 38. கழித்தால் 167. ஐந்து பேர் ஏறினால் 30 அமுங்குகிறது என்று வைத்துக்கொள்வோம், மிச்சம் 137. எங்கள் தெரு முனை வேகத்தடையை டேப் வைத்து அளந்தேன். உயரம் 14 சென்டிமீட்டர், அதாவது 140. அகலம் இரண்டு அடிகூட இல்லை. விடையை நீங்களே சொல்லுங்கள். புது ஸ்பிரிங் கெட்டியானது, 20 தான் அமுங்கும் என்பான். சரி, 147. மிச்சம் ஏழு மில்லிமீட்டர், பென்சில் தடிமன். முன்சக்கரம் தடையிலிருந்து இறங்கும்போது வண்டி குனியுமே, அப்போது அந்த ஏழும் போச்சு. தாழ்த்தாமல் விட்டிருந்தால் 35 மில்லிமீட்டர் இருந்திருக்கும்.

வேகத்தடைக்கு இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவு ஒன்று உண்டு. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும் வளைவு. அப்படி ஒன்றை நம் பக்கத்தில் எங்கே பார்த்தீர்கள்? ஒரு விபத்து நடந்தால் மறுநாளே மீதித் தாரைக் கொட்டி ஒரு வரப்பு. அது தப்புதான், அதற்குத் தனியாக ஒரு பதிவு போடுகிறேன். ஆனால் வண்டி ஓடப்போவது அந்த வரப்பின் மேல்தான்.

பெட்ரோல் காரில் அடி உரசினால் சைலன்சரோ ஆயில் சம்ப்போ நசுங்கும், செலவோடு போகும். மின்சார காரில் அந்த இடத்தில் பேட்டரிப் பெட்டி, முந்நூறு வோல்ட்டுக்கு மேல். தண்ணீர் புகாது என்று கம்பெனி சொல்வது மூடி முழுதாக இருக்கும்வரைதான். பெட்டி நசுங்கி உள்ளே செல் அமுங்கினால் அன்றைக்கே தீப்பிடிக்க வேண்டும் என்பதில்லை, பிறகும் பிடிக்கலாம். மூடியில் விரிசல் விட்டு, ஐப்பசி மழையில் பாலத்துக்கு அடியில் நிற்கிற தண்ணீரில் இறக்கினால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பேட்டரிக்கு எட்டு வருட வாரண்டி என்று பெருமையாகச் சொன்னான். அடியில் கோடு கோடாக உரசிய பெட்டியோடும் கடையில் வாங்கிய ஸ்பிரிங்கோடும் போய் அந்த வாரண்டியைக் கேட்டுப் பார்க்கட்டும்.

பயமுறுத்துகிறேன் என்பவர்களுக்கு ஒரு வரலாறு. 2013 அக்டோபரில் அமெரிக்காவின் சியாட்டில் பக்கத்தில் ஒரு டெஸ்லா மாடல் எஸ் சாலையில் கிடந்த இரும்புத் துண்டின் மேல் ஏறியது. கால் இஞ்ச் தடிமனுள்ள அடித்தகட்டைத் துளைத்துக்கொண்டு அது பேட்டரிக்குள் போய், கார் எரிந்தது. உள்ளே இருந்தவர் தப்பினார். அடுத்த மாதமே டென்னசி மாநிலத்தில் அதேபோல இன்னொன்று. டெஸ்லா என்ன செய்தது தெரியுமா? நெடுஞ்சாலை வேகத்தில் தாழ்ந்து ஓடும்படி செய்திருந்த காரை, மென்பொருளை மாற்றி உயர்த்தியது. 2014 மார்ச்சில் அடியில் டைட்டானியத் தகடும் சேர்த்தது. காரைத் தயாரித்தவனே உயர்த்தினான். நாம் பட்டறையில் காசு கொடுத்துத் தாழ்த்துகிறோம்.

ஸ்பிரிங் விஷயத்துக்கு வருகிறேன். ஹூக் விதி நினைவிருக்கிறதா? பால்பாயிண்ட் பேனா ஸ்பிரிங்கைப் பாதியாக வெட்டி அமுக்கச் சொன்னேனே. பாதி ஸ்பிரிங் இரண்டு மடங்கு கெட்டி. சில பட்டறைகளில் காருக்கும் அதையே செய்கிறார்கள். கிரைண்டரில் ஒரு சுற்று அறுத்துவிடுகிறார்கள். அறுத்த முனை தட்டில் சரியாக உட்காராது. கேஸ் வைத்து அறுத்தால் எஃகின் பதமே போய்விடும். கஞ்சமலையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இரும்பின் பதம் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் தம்பி அறுக்கவில்லை, புதிதாக வாங்கி மாட்டினான். நல்லது. ஆனால் ஷாக் அப்சார்பர் பழையதேதான். பழைய ஸ்பிரிங்குக்கு அளந்து வைத்த ஷாக், புதியதைப் பிடித்து நிறுத்தாது.

சக்கரம் மேலே ஏற இருந்த இடமும் குறைந்துவிட்டது. வேலை என்பது விசை பெருக்கல் தூரம். அதே பள்ளத்தில் அதே வேகத்தில் விழும் வண்டியைப் பாதித் தூரத்தில் நிறுத்த வேண்டுமென்றால் இரண்டு மடங்கு விசை வேண்டும். அந்த விசை அடி ரப்பரில் இடித்து, சீட் வழியாக, பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் முதுகெலும்புக்குப் போகிறது. போன வருடம்தான் அவர்களுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்தது. பேட்டரியால் மின்சார கார் ஏற்கெனவே நூறு, இருநூறு கிலோ கூடுதல் கனம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

“ஜெர்மனியில் எல்லோரும் செய்யறாங்களே மாமா” என்று அக்கா மகன் கேட்டான். செய்கிறார்கள். அங்கே அந்தந்தக் காரின் அச்சு எடைக்கென்று செய்த ஸ்பிரிங், அதற்குச் சோதனைச் சான்று, மாட்டிய பிறகு தொழில்நுட்ப அதிகாரியின் பரிசோதனை எல்லாம் உண்டு. இங்கே கிடைத்தது ஒரு வெள்ளைத் தாள் பில். அதில் ‘ஸ்பிரிங் செட் – 1’ என்று மட்டும் எழுதியிருக்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு. தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு கேரள வழக்கில் தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் ஸ்பிரிங்கைப் பற்றி எங்கே எழுதியிருக்கிறது என்று வாதாடலாம். விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் சர்வேயர் முன்னால் நின்று அப்படி வாதாட யாருக்கு ஆசை?

தம்பி, இது உனக்கு. பழைய ஸ்பிரிங் நான்கும் உன் கடைப் பின்கட்டில் சாக்குக்கு அடியில் கிடக்கிறது என்று உன் அம்மா சொன்னார்கள். எடைக்குப் போட்டுவிடாதே. வருகிற சனிக்கிழமை கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் அவற்றை மாட்டி, வீல் அலைன்மென்ட் பார்த்து, லிஃப்டில் ஏற்றிப் பேட்டரிப் பெட்டியின் அடியைக் காட்டச் சொல். நானும் வருகிறேன். திரும்பும்போது எங்கள் தெரு முனை வேகத்தடை வழியாக வருவோம், அம்மாவும் பின்னால் உட்காரட்டும்.