தொலைவுக்கும் விலையா?

1954 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், பேராதனையிலே இலங்கைப் பல்கலைக் கழகத்தைத் திறந்து வைப்பதற்கு எடின்பரோக் கோமகன் வந்தார். வகுப்புகளோ 1952 இலேயே தொடங்கிவிட்டன. ஆகவே, முன்னரே திறந்திருப்பதை வழக்கத்திலும் அதிகமாகத் திறந்து வைப்பதாக அவர் வேடிக்கையாகச் சொல்லிச் சென்றார். வேடிக்கை பழசாகிவிட்டது, அது எழுப்பும் வினா பழசாகவில்லை. அந்தக் கதவு யாருக்குத் திறந்தது?

பேராதனை வளவிலே நின்று நிமிர்ந்து பார்த்தால் ஹந்தானை மலை தெரியும். மலையிலே தேயிலை, தேயிலையை அண்டி லயன் காம்பராக்கள். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் இதே கண்டி மாவட்டத்திலேதான் இருக்கிறது. இம்மலைகளில் கொழுந்து கொய்த கைகளின் உழைப்பு, பல்கலைக் கழக மண்டபங்களில் கல்லாகவும் தூணாகவும் நிற்கிறது. எனினும், லயனுக்கும் விரிவுரை மண்டபத்துக்கும் இடையே கிடக்கும் தொலைவை மைல் கணக்கில் அளக்க முடியாது. 1945 இல் இந்நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றதோ 1970களில்தான். இடைப்பட்ட காலத்தில் ஒரு தலைமுறையே கூடையைச் சுமந்துகொண்டு பாடசாலை வாசலைக் கடந்து போய்விட்டது.

இத்தொலைவைக் குறைக்க வந்த மருந்து என்று இன்று தொலைக்கல்வியைப் புகழ்கின்றனர். நாமும் அதனை வரவேற்கிறோம். வரவேற்பதற்குக் காரணமும் உண்டு. உயர்தரப் பரீட்சையில் தகுதி பெறுவோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே அரசாங்கப் பல்கலைக் கழகங்களில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவரும் எங்கே போவது? வாரநாட்களில் தோட்டப் பாடசாலையில் கற்பிக்கும் இளம் ஆசிரியர், கடையிலே கணக்கெழுதும் வாலிபர், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு புத்தகத்தைப் புரட்டும் தாய், இவர்களுக்கெல்லாம் பொல்கொல்லையிலுள்ள திறந்த பல்கலைக் கழகப் பிராந்திய நிலையமும், பேராதனையின் வெளிவாரிப் பட்டமும் நம்பிக்கையின் இரு சாளரங்கள். பிழைப்பை விடாமல் படிக்கலாம்; வயது கடந்தும் படிக்கலாம். சனிக்கிழமை விடியற்காலையிலே கலஹாவிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் பஸ் ஏறிக் கண்டிக்கு வருகிற அந்த மாணவர்களை நாம் அறிவோம். அவர்களது விடாமுயற்சிக்குத் தலை வணங்குகிறோம்.

"வெளிவாரிப் பட்டம் ஒரு பட்டமா?" என்று மூக்கைச் சுளிக்கும் மேதாவிகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சிறு வரலாற்றை நினைவூட்டுவோம். 1921 இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக் கழகக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் உரிமை கிடையாது. 1942 இல் இலங்கைப் பல்கலைக் கழகம் தோன்றும்வரை, அங்கே படித்தவர்கள் எழுதியது லண்டன் பல்கலைக் கழகத்தின் வெளிவாரிப் பரீட்சையையே. இந்நாட்டின் உயர்கல்வியே வெளிவாரியில் பிறந்த பிள்ளை! தாயைப் பழிக்கும் பிள்ளையை உலகம் என்னவென்று சொல்லும்?

ஆகவே, எமது சண்டை தொலைக்கல்வியோடு அன்று. அதனை ஒரு சாட்டாக ஆக்கிக்கொண்டவர்களோடுதான். நிலைமையைப் பாருங்கள். உள்வாரி மாணவருக்குக் கல்விக் கட்டணம் இல்லை; நூலகமும் விரிவுரையாளரும் உண்டு; வசதி குறைந்தவர்க்கு 1981 முதல் மகாபொல உதவிப் பணமும் உண்டு. இவை யாவும் நியாயமே. இவற்றில் ஒரு சதமும் குறையக்கூடாது. ஆனால், வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்ன செய்கிறார்? பதிவுக்குப் பணம் கட்டுகிறார், பரீட்சைக்குப் பணம் கட்டுகிறார், பஸ்ஸுக்குக் கொடுக்கிறார், போட்டோப் பிரதிக் கடைக்குக் கொடுக்கிறார். பல்கலைக் கழகம் போதிய வகுப்பு நடத்தாதபோது, டியூட்டரிக்காரரிடம் குறிப்புக் கொப்பியையும் விலைக்கு வாங்குகிறார். இலவசக் கல்வி நாட்டிலே, இடம் கிடைத்தவருக்கு இலவசம். இடம் கிடையாதவருக்கு விலை! இது எந்த ஊர் நியாயம்?

தோட்டத் தொழிலாளியின் நாட்கூலியை ஆயிரம் ரூபாயாக்குவதற்குப் பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது; 2021 இலேதான் அது நிறைவேறிற்று. அந்தக் கூலியிலே அரிசியும் மாவும் போக, மகளின் பட்டப் படிப்புக்கு எதனை எடுத்து வைப்பது? வெளிவாரிப் படிப்பிலே பதிந்தவர் பலராகவும் பட்டம் பெற்றவர் சிலராகவும் இருப்பதைக் கண்டு, மாணவரின் சோம்பல் என்று சொல்வது எளிது. பாதி வழியிலே நின்றவரின் பையைத் திறந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

2020 இல் நோய் பரவியபோது பல்கலைக் கழகங்கள் யாவும் ஒரே நாளில் தொலைக்கல்விக்கு மாறின. அப்பொழுதுதான் உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. கைத்தொலைபேசி அலை எட்டாத மலைநாட்டுப் பிள்ளைகள் பாறைகளிலும் மரங்களிலும் ஏறி நின்று பாடம் கேட்டார்கள். 2022 இல் மணிக்கணக்காக மின்சாரம் நின்றபோது அந்தப் பாடமும் இருளில் மறைந்தது. கருவி வந்துவிட்டால் சமத்துவமும் வந்துவிடும் என்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டுமா? கம்பி போகாத இடத்துக்குக் கல்வியும் போகவில்லை.

வீட்டுக்கு வீடு பட்டம் வந்துவிட்டது. இனிப் புதிய பீடங்கள் எதற்கு, விரிவுரையாளர் எதற்கு என்று நாளை ஒரு குரல் எழும். அந்தக் குரலுக்கு இன்றே பதில் சொல்லி வைப்போம். தொலைக்கல்வி பல்கலைக் கழகத்தின் நீண்ட கையாக இருக்கலாம். அதன் பூட்டிய கதவாக இருக்கக்கூடாது.

நாம் கேட்பது பெரிதன்று. வறிய குடும்பத்து வெளிவாரி மாணவருக்குக் கட்டணம் நீக்கப்பட வேண்டும். மலையக நகரங்களிலே, நூலகத்தோடும் தமிழிலே விளக்கும் ஆசிரியரோடும் கற்கை நிலையங்கள் பெருக வேண்டும். பட்டத்தை வழங்குகிற பல்கலைக் கழகமே பாடத்தையும் நடத்த வேண்டும்; பாதிப் பொறுப்பை டியூட்டரிச் சந்தையிலே விடுவது அதன் பெருமைக்கு அழகன்று.

பேராதனையின் இலச்சினை, கல்வி அனைவர்க்கும் கண் என்று சொல்கிறது. அனைவர் என்ற சொல்லிலே ஹந்தானை லயனிலுள்ள பிள்ளையும் அடங்குமா, அடங்காதா? அடங்கும் என்றால், கதவை வழக்கத்திலும் அதிகமாகத் திறக்கட்டும். இம்முறை வேடிக்கைக்காக அன்று.