மதுச்சாலையிற் பிறந்த நாட்டார் இசை

நாட்டார் பாடல் கிராமத்திலேயே பிறக்கும், நகருக்கு வந்ததும் மாசுபடும் என்பதோர் எண்ணம் ஆய்வாளர் பலரிடம் வேரூன்றியுள்ளது. அயர்லாந்தின் 'டப்ளினர்ஸ்' குழுவினர் மீதான ஏளனமும் இவ்வெண்ணத்தின் வழிவந்ததே. தாடியும் மதுக்கிண்ணமும் கூச்சலுமே அவர்களது மூலதனம் என்பர். இக்கூற்று ஏற்கத்தக்கதன்று.

1962 ஆம் ஆண்டு, டப்ளின் நகரின் ஓடொனகியூ மதுச்சாலையிற் கூடிப் பாடியோரே றொனி ட்றூ, லூக் கெலி, பார்னி மக்கென்னா, கியறன் போர்க் ஆகியோர். முதலில் ட்றூவின் பெயரையே குழு தாங்கியிருந்தது. பின்னர், கெலி அந்நாளில் வாசித்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஜொய்சின் கதைத்தொகுதியின் தலைப்பு அதன் பெயராயிற்று. இவர்களிடம் 'தூய்மை' தேடுவோர் ஏமாறுவர். ட்றூ ஸ்பெயினில் ஆங்கிலம் கற்பித்தவர். கிற்றார் வாசிப்பை அங்கேயே பயின்றார். கெலி இங்கிலாந்திற் கூலிவேலை செய்தவர். பாடல்களோடு சோசலிசத்தையும் அங்கிருந்தே கொணர்ந்தார். மக்கென்னாவின் பாஞ்சோவோ அமெரிக்காவில் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்கர் வழிவந்த வாத்தியம். அதனை வயலினுக்கு ஓர் எட்டாஞ்சுரம் கீழே சுருதி கூட்டி, ஐரிஷ் நடன மெட்டுகளை அவர் வாசித்தார். இன்று ஐரிஷ் பாஞ்சோக் கலைஞருட் பெரும்பாலோர் கைக்கொள்வது அம்முறையையே. மரபு எனப்படுவது இவ்வாறுதான் உருவாகின்றது.

தூய்மைவாதிகள் விடைகூற வேண்டிய நிகழ்ச்சி வேறொன்றுண்டு. 1967 இல் 'ஏழு போதை இரவுகள்' என்ற பாடலை அயர்லாந்தின் தேசிய ஒலிபரப்பு நிலையம் ஆபாசமெனத் தடைசெய்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து இயங்கிய கரோலைன் வானொலி அதனை ஒலிபரப்பிற்று. பிரித்தானிய விற்பனை வரிசையில் ஏழாம் இடத்தை அப்பாடல் எட்டியது. அதனை அவர்களுக்கு அளித்தவர் யார்? கொனமாராவின் மரபுவழிப் பாடகருள் தலைசிறந்தவரெனப் போற்றப்படும் ஜோ ஹீனி! பாடகரைப் போற்றி, அவர் தந்த பாடலைத் தடைசெய்த இரசனை எத்தகைய இரசனை?

அவர்களது அரங்கின் கவர்ச்சியும் இங்கேதான் உள்ளது. 1966 இல் டப்ளின் கேற் அரங்கிற் பதிவான இசைத்தட்டைக் கேட்போர் இதனை உணர்வர். அங்கு அவை வாளாவிருப்பதில்லை. பல்லவியைத் தானும் பாடுகின்றது. ட்றூவின் கரடுமுரடான குரல் பயிற்சி பெற்ற குரலன்று. ஆகவே எவரும் அதனுடன் சேர்ந்து பாடத் தயங்குவதில்லை. கூச்சலே அவர்களது மூலதனமென்போர், கெலி துணைவாத்தியமின்றிப் பாடும்போது அதே கூட்டம் அடங்கிப்போவதற்கு என்ன காரணம் கூறுவர்? இங்கிலாந்தின் கட்டட வேலைத்தலங்களில் உழைத்த ஐரிஷ் தொழிலாளரின் துயரும் எள்ளலும் அப்பாடல்களில் இருந்தன. அரங்கிலிருந்தோர் தம் வீட்டாரின் கதையையே கேட்டனர்.

குடிகாரர் என்ற பிம்பத்தைக் குழுவினர் தாமும் விற்றனர் என்பதை மறைப்பது நேர்மையன்று. அதனால் அவர்களது வாசிப்பின் நுட்பம் கவனிக்கப்படாமற் போனமையும் உண்மையே. ஆயினும் 1984 இல் கெலி மறைந்த பின்னரும், 2008 இல் ட்றூ மறைந்த பின்னரும் அரங்குகள் நிறைந்தன. மக்கென்னா இறந்த 2012 ஆம் ஆண்டின் முடிவில், ஐம்பதாண்டு நிறைவோடு, குழு அப்பெயரிற் பாடுவதை நிறுத்திக்கொண்டது. வெறும் போதை அத்தனை காலம் நின்று பிடிக்குமா என்பதை ஏளனஞ் செய்தோரே கூறட்டும்.