ஆறு வாரங்கள் எங்கே தங்குவது?

புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையைக் கடந்து செல்வோருக்கு அந்தக் காட்சி பழகிப்போன ஒன்று. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தவர்கள், ஸ்கேன் படங்கள் அடங்கிய உறையைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு நடைபாதையில் படுத்திருப்பார்கள். நாடாளுமன்றம் அங்கிருந்து சில கிலோ மீட்டர் தொலைவில்தான் உள்ளது.

மூளைக் கட்டி என்றாலே மரணம்தான் என்ற அச்சம் இன்னும் நீங்கவில்லை. மூளையுறையில் தோன்றும் மெனிஞ்சியோமா கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. அறுவை சிகிச்சைக்குப் பின் பலர் இயல்பு வாழ்க்கைக்குத் திரும்புகின்றனர். சிறிய கட்டிகள் சிலவற்றுக்கு, மண்டையோட்டைத் திறக்காமலேயே கதிர்களைக் குவித்துச் செலுத்தும் 'காமா நைஃப்' முறையும் உண்டு.

கொடியது கிளியோபிளாஸ்டோமா. அறுவை சிகிச்சையுடன் அது முடிவதில்லை. வாரத்துக்கு 5 நாள் வீதம் 6 வாரங்கள், 30 முறை கதிர்வீச்சு அளிப்பதே வழக்கமான முறை. அந்நாள்களில் டெமோசோலோமைட் மாத்திரையும் தரப்படுகிறது. கதிர்வீச்சுடன் இம்மாத்திரையைச் சேர்த்தபோது, இரண்டு ஆண்டுகளைக் கடந்து வாழ்ந்தோர் சுமார் 10 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாக உயர்ந்ததை 2005-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சையைப் பாதியில் கைவிட்டால் இப்பயன் கிட்டாது.

கைவிட வைப்பது பெரும்பாலும் நோயல்ல, செலவு. 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவை ஏற்கிறது. புற்றுநோயாளிகளுக்கு ரயில் கட்டணச் சலுகையும் உண்டு. ஆனால், நாள்தோறும் வந்து கதிர்வீச்சு பெற்றுச் செல்லும் ஏழைக்கு அந்த ஆறு வாரங்களுக்கான அறை வாடகை, சாப்பாடு, துணைக்கு வந்தவர் இழக்கும் கூலி ஆகியவற்றை யார் தருவது? தர்மசாலைகள் இருக்கின்றன, போதவில்லை.

மாவட்ட மருத்துவமனைகள் அனைத்திலும் மூன்று ஆண்டுகளில் பகல்நேரப் புற்றுநோய் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என 2025-26 பட்ஜெட்டில் அறிவிக்கப்பட்டது. வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆயினும், அவை முதன்மையாக மருந்து செலுத்துவதற்கான மையங்கள். கதிர்வீச்சு இயந்திரம் அருகில் இல்லாத நோயாளி மீண்டும் ரயிலேறத்தான் வேண்டும்.

எய்ம்ஸில் இடம் கேட்டுச் சிபாரிசுக் கடிதத்துக்காக வருவோரை எம்.பி.க்கள் அன்றாடம் சந்திக்கின்றனர். கடிதம் தருவது கருணை. தமது தொகுதியிலிருந்து அருகிலுள்ள கதிர்வீச்சு இயந்திரம் எத்தனை கிலோ மீட்டர் தொலைவில் உள்ளது, அதுவரை நோயாளிக்குத் தங்கும் உதவித்தொகை ஏன் இல்லை என்று கேள்வி நேரத்தில் கேட்பதே கடமை. கட்சி வேறுபாடின்றிக் கேட்கக்கூடிய கேள்வி அது.