விளக்கை ஏற்றும் கை

இல்லத்தில் நாள்தோறும் நாம் கையாளும் கருவிகளைப் பற்றித் திங்கள்தோறும் இப்பகுதியில் எழுதி வருகிறோம். இத்திங்கள், கணினியிலும் கைப்பேசியிலும் மின்னும் சிறு விளக்குகளையும், அவற்றின் திரையில் தோன்றும் நிறங்களையும் பற்றிச் சில சொல்லக் கருதுகிறோம். 'விளக்கு எரிகிறது, அணைகிறது; நிறம் கண்ணுக்குத் தெரிகிறது; இதில் எழுத என்ன இருக்கிறது?' என்று நேயர்கள் வினவலாம். நாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். நமக்குத் தெரிந்த ஓர் இல்லத்தில் நிகழ்ந்த சிறு பூசல் ஒன்று அந்த எண்ணத்தை மாற்றியது.

அவ்வில்லத்தில் மணவினை நெருங்கியிருந்தது. ஊரிலிருந்த பாட்டியார் காஞ்சிபுரத்துக் கடையொன்றில் அமர்ந்து, பட்டுச் சேலைகளை ஒவ்வொன்றாகக் கைப்பேசியில் காட்டினார். மகளும் பேத்தியும் இங்கிருந்து பார்த்தனர். அப்போது இரவு எட்டரை மணி. அரக்கு நிறச் சேலை ஒன்று இருவர் உள்ளத்தையும் கவர்ந்தது. 'அதையே எடுத்துவிடுங்கள், அம்மா' என்றார் மகள். பத்து நாள் கழித்துப் பொதி வந்தது. பிரித்தால் உள்ளே இருந்தது கத்தரிப்பூ நிறச் சேலை! 'கடைக்காரர் மாற்றி வைத்துவிட்டார், நீங்கள் கவனிக்கவில்லை' என்று மகள் வருந்த, 'நீ கைகாட்டியதைத்தானே எடுத்தேன்?' என்று தாய் மனம் புண்பட, இரண்டு நாள் இரு வீட்டிற்குமிடையே பேச்சு நின்றுபோயிற்று. இதில் வியப்பு யாதெனில், அன்றிரவே பேத்தி அந்தத் திரையை அப்படியே படமெடுத்து வைத்திருந்தாள். மறுவாரம் பகலில் அதைத் திறந்து பார்த்தபோது, படத்திலும் சேலை கத்தரிப்பூ நிறமாகவே இருந்தது.

கடைக்காரர் மாற்றவில்லை, பாட்டியாரும் தவறவில்லை, மகளின் கண்ணும் பொய் சொல்லவில்லை. நிறத்தை மாற்றியது இடையில் நின்ற வேறொரு கை. அக்கை எது என்பதை அறிய, முதலில் ஒரு சொல்லை அறிந்துகொள்ள வேண்டும்.

கணினியில் எல்லா வேலைகளையும் மேற்பார்வை செய்யும் தலைமை நிரல் ஒன்று உண்டு. அதற்கு இயங்குமுறை என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், ஆண்டிராய்டு என்பன அவ்வகையின. ஆனால் திரை, விசைப்பலகை, காமிரா என ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி மொழி உண்டு. அவை அனைத்தையும் தலைமை நிரல் அறியாது. ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சிறு நிரல் இடையில் நிற்கிறது. அதனையே டிரைவர் என்கின்றனர். தமிழில் இயக்கி என்போம். யானைமீது அமர்ந்த மன்னன் 'போ' என்கிறான். யானைக்கு அச்சொல் விளங்காது. பாகன் அதன் காதுக்குப் பின்னே கால்விரலால் அழுத்துகிறான், யானை நடக்கிறது. இயக்கி அந்தப் பாகனைப் போன்றது. வீதியில் நின்று பார்ப்பவர்க்கு யானை நடப்பது தெரியும்; பாகனின் கால்விரல் தெரியாது.

இதனை நேயர்கள் இல்லத்திலேயே ஆராய்ந்து பார்க்கலாம். விசைப்பலகையில் கேப்ஸ் லாக் என்னும் விசையை அழுத்தினால், பல விசைப்பலகைகளில் ஒரு சிறு விளக்கு எரியும். விசைக்கு அடியில் ஒரு சுவிட்சு இருந்து விளக்கை ஏற்றுகிறது என்றே நமக்குத் தோன்றும். உண்மை அதுவன்று. விசைப்பலகை, 'இவ்விசை அழுத்தப்பட்டது' என்னும் செய்தியை மட்டுமே கணினிக்கு அனுப்புகிறது. அதைப் பெற்ற இயங்குமுறை, இயக்கியின் வாயிலாக 'இவ்விளக்கை ஏற்றுக' என்று திருப்பிச் சொல்கிறது. யூ.எஸ்.பி. விசைப்பலகைகளில் இம்மறுமொழி ஒரே ஒரு பைட்டு அளவினது. ஒரு பைட்டில் எட்டு இடங்கள் உண்டு. முதலிடம் நம் லாக் விளக்குக்கும், இரண்டாமிடம் கேப்ஸ் லாக் விளக்குக்கும், மூன்றாமிடம் ஸ்குரோல் லாக் விளக்குக்கும் உரியவை. இடத்தில் 1 இருந்தால் விளக்கு எரியும். 0 இருந்தால் அணையும்.

இதனால் ஒரு பயனும் உண்டு. கணினி அசையாது நின்றுவிட்டால், உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டா. கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறினால், இயங்குமுறை உள்ளே இன்னும் செய்தி கேட்டுக்கொண்டிருக்கிறது, சிறிது பொறுக்கலாம். விளக்கு மாறாது நின்றால், பெரும்பாலும் பாகனே மயங்கிவிட்டான் என்று கொள்ளலாம். பழைய வட்டச் செருகி விசைப்பலகை பூட்டிய லினக்ஸ் கணினிகளில், இயங்குமுறை மீளமுடியாத பிழையில் வீழ்ந்தால், இவ்விளக்குகள் தாமே மின்னி மின்னி அபாயம் அறிவிக்குமாறும் செய்திருந்தனர்.

லினக்ஸில் விளக்குகளுக்கென்றே ஒரு தனிப்பகுதி 2006ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டது. கணினியில் இயங்குமுறைக்கு அடங்கிய விளக்கு ஒவ்வொன்றும் ஓர் அடைவாக அதில் காட்சியளிக்கும். அதனுள் 'பிரைட்னஸ்' என்னும் கோப்பில் ஓர் எண்ணை எழுதினால் ஒளியின் அளவு மாறும். 0 எழுதினால் விளக்கு அணையும். 'ட்ரிக்கர்' என்னும் கோப்பில் ஒரு சொல்லை எழுதினால், விளக்கு எதைக் கண்டு எரியவேண்டும் என்பதே மாறிவிடும். ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 2012ஆம் ஆண்டு முதல் விற்பனைக்கு வந்தது. பள்ளி மாணவர் பலர் அதில் பயில்கின்றனர். அதிலுள்ள பச்சை விளக்கு, நினைவட்டையில் எழுதும்போதும் படிக்கும்போதும் மின்னுவது வழக்கம். 'ஹார்ட்பீட்' என்ற ஒரு சொல்லை எழுதிவிட்டால், அதே விளக்கு மனித இதயம் போல இரட்டைத் துடிப்பாகத் துடிக்கும். கணினிக்கு வேலைச்சுமை ஏற ஏறத் துடிப்பும் விரைவாகும். 'நன்' என்று எழுதிவிட்டால், நினைவட்டை எவ்வளவு உழைத்தாலும் விளக்கு கண் திறவாது. விளக்கு அதே விளக்கு. அதன் பொருள் மட்டும் ஒரு சொல்லால் மாறிவிட்டது.

இனி நிறத்திற்கு வருவோம். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நுண்ணிய ஒளிகள் உண்டு. வழக்கமான திரையில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள். மூன்றையும் கலக்கக் கிடைக்கும் நிறங்கள் 1,67,77,216. படத்தில் உள்ள எண் அப்படியே திரைக்குப் போய்ச் சேர்வதில்லை. இடையில் ஒரு மாற்று அட்டவணை உண்டு. 'நீலம் 200 என்று வந்தால் எவ்வளவு ஒளி தரவேண்டும்?' என்பதை அந்த அட்டவணை சொல்லும். அட்டவணையை எழுதுவது இயங்குமுறை; திரைக்கருவியில் ஏற்றுவது இயக்கி.

இரவில் திரை மஞ்சளாக மாறும் ஏற்பாட்டை நேயர்கள் கண்டிருப்பீர்கள். ஆப்பிள் கைப்பேசிகளில் 2016ஆம் ஆண்டிலும், விண்டோஸில் 2017ஆம் ஆண்டிலும் இவ்வேற்பாடு வந்தது. பகலொளியின் நிறத்தைச் சுமார் 6500 கெல்வின் என்றும், பழைய குண்டு விளக்கின் நிறத்தைச் சுமார் 2700 கெல்வின் என்றும் அளப்பர். மாலை ஆனதும் இயங்குமுறை நீலத்தை மிகுதியாகவும் பச்சையைச் சிறிதளவும் குறைத்துத் திரையைக் குண்டு விளக்கின் பக்கம் திருப்புகிறது. மாலையில் அது தானாகவே தொடங்குமாறு ஒரு முறை அமைத்துவிட்டால், பிறகு நாம் மறந்துபோகிறோம்.

சேலையின் மறைபொருள் இப்போது விளங்கும். கத்தரிப்பூ நிறம் என்பது சிவப்பும் நீலமும் கலந்தது. நீலத்தைக் குறைத்துவிட்டால் எஞ்சுவது அரக்கு. பாட்டியாரின் கைப்பேசி அனுப்பியது கத்தரிப்பூ. மகளின் திரை காட்டியது அரக்கு. பேத்தி எடுத்த படம் ஏன் மாறவில்லை? திரையைப் படமெடுக்கும்போது, பெரும்பாலும் அட்டவணைக்குள் புகுவதற்கு முன்னுள்ள எண்களே பதிவாகின்றன. படத்தில் உண்மை இருந்தது. கண்ணுக்கு எட்டும் கடைசி அடியில்தான் நிறம் மாறியது. இதனைப் பேத்தியே கண்டறிந்து, அம்மாவின் கைப்பேசியில் அவ்வேற்பாட்டை நிறுத்தியும் தொடங்கியும் காட்டினாள். அன்று மாலையே ஊருக்குத் தொலைபேசி மணி ஒலித்தது. 'கத்தரிப்பூதான் பெண்ணுக்கு எடுப்பாக இருக்கிறது, அம்மா' என்று மகள் தொடங்கினாராம்.

சேலையில் நேர்ந்த பிழை இரண்டு நாளில் தீர்ந்தது. அத்துணை எளிதில் தீராத பிழையும் ஒன்று உண்டு. அதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். அது காமிராவின் விளக்கு. ஊரிலுள்ள பெற்றோரைக் காண்பதும், குழந்தைகள் பாடம் கேட்பதும் மடிக்கணினிக் காமிராவின் வழியே நடக்கின்றன. அக்கணினி பெரும்பாலும் படுக்கையறையிலேயே திறந்து கிடக்கிறது. 'காமிரா விளக்கு எரியவில்லை. ஆகவே யாரும் பார்க்கவில்லை' என்று நாம் அமைதி கொள்கிறோம்.

2013ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாத்யூ பிராக்கர், ஸ்டீபன் செக்கோவே என்னும் இருவர் இந்த அமைதியைச் சோதித்தனர். அவர்கள் ஆராய்ந்தவை சுமார் 2008 வரை விற்ற மேக்புக் முதலிய ஆப்பிள் கணினிகளின் காமிராக்கள். அவற்றில் விளக்கைத் தனியே அணைக்கக் கட்டளை ஏதும் இல்லை. காமிராவை உறங்கச் சொல்லும் கம்பியுடனேயே விளக்கும் இணைக்கப்பட்டிருந்தது. உறங்கினால் அணையும், விழித்தால் எரியும். வடிவமைத்தவர்கள் கவனமாகவே செய்திருந்தனர். ஆயினும், அக்கம்பியின் சொல்லைக் கேளாதிருக்குமாறு காமிராவின் உணரியைப் பணிக்க ஒரு வழி இருந்தது. காமிராவுக்குள் இருந்த சிறு நிரலைக் கணினியிலிருந்தே மாற்றி எழுதவும் முடிந்தது. அதற்கு நிர்வாகியின் அனுமதிகூடத் தேவைப்படவில்லை. விளைவாக, கம்பி 'உறங்கு' என்றது, விளக்கு அணைந்தது, காமிரா விழித்துப் படமெடுத்துக்கொண்டிருந்தது. 2024ஆம் ஆண்டில் திங்க்பேடு எக்ஸ்230 என்னும் பழைய மடிக்கணினியிலும், காமிராவின் உள்நிரலை மாற்றி விளக்கை அணைக்க முடியும் என்று ஆந்திரேய் கோனவாலவ் என்னும் ஆய்வாளர் காட்டினார்.

இவ்வாராய்ச்சிகள் எல்லாக் கணினிகளுக்கும் பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. காமிராவுக்குச் செல்லும் மின்சாரமே விளக்கையும் ஏற்றுமாறு அமைத்துவிட்டால், எந்த நிரலும் ஒன்றை ஏற்றி ஒன்றை அணைக்க இயலாது. அத்தகைய விளக்கு சாட்சி. இயக்கியோ உள்நிரலோ சொல்லி எரியும் விளக்கு தூதன். தூதன் நல்லவனாக இருக்கலாம். ஆயினும் அனுப்பியவனின் சொல்லையே அவன் சொல்வான். ஆப்பிள் கைப்பேசியில் 2020 முதல் காமிராவுக்குப் பச்சைப் புள்ளியும் ஒலிவாங்கிக்குச் செம்மஞ்சள் புள்ளியும் தோன்றுகின்றன. ஆண்டிராய்டில் 2021இல் வந்த பன்னிரண்டாம் பதிப்பு முதல் பச்சைக் குறி தோன்றுகிறது. இவை இயங்குமுறை திரையில் வரைந்து காட்டுபவை. பிற செயலிகளின் குறும்பை இவை நன்கு காட்டிக்கொடுக்கும். ஆனால் இயங்குமுறையே பிறர் வசப்பட்டால், இவற்றைச் சாட்சியாகக் கொள்ளல் ஆகாது.

ஆகவே நேயர்கள் செய்யத்தக்கவை சில. நிறம் பார்த்து வாங்கும்போது, இரவு நிற ஏற்பாட்டை இருபுறமும் நிறுத்திவிடுங்கள். இயன்றால் பகலொளியில் காட்டச் சொல்லுங்கள். விளக்கு எரியக் கண்டால் உடனே கவனியுங்கள். எரியாமையை மட்டும் நம்பி அமைதி கொள்ளாதீர்கள். பயன்படுத்தாத நேரத்தில் மடிக்கணினியை மூடி வையுங்கள். திறந்தே வைக்க வேண்டுமாயின் காமிராவின்மேல் ஒரு மெல்லிய காகிதத் துண்டை ஒட்டுங்கள். தடித்த மூடியை ஒட்டிக் கணினியை அழுத்தி மூடினால் திரைக்குக் கேடு வரும். ஒலிவாங்கியைக் காகிதம் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள்.

குழந்தைகளுக்கும் இதனைச் சொல்லிக்கொடுங்கள். கேப்ஸ் லாக் விளக்கிலிருந்து தொடங்குங்கள். 'இவ்விளக்கை ஏற்றியது யார்?' என்று கேளுங்கள். 'நான்தான்' என்று குழந்தை சொல்லும். அங்கிருந்து பாகனின் கதையைத் தொடங்கலாம்.