நூறு விழுக்காடு என்னும் பூச்சாண்டி

வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவ நண்பர்கள் பலர் ஒரே குறையைத்தான் சொல்கின்றனர். பெரிய கோப்பு ஒன்றை டவுன்லோடு செய்யத் தொடங்கினால் போதும். தட்டிய எழுத்து திரைக்கு வர மறுக்கிறது, மவுஸ் அசைய மறுக்கிறது. டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் 'டிஸ்க்' என்ற தலைப்பின்கீழ் 100 விழுக்காடு என்று நிற்கிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "பழைய மிஷின், வேறு வாங்கிவிடுங்கள்" என்ற தீர்ப்பு இரண்டே நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. இத்தீர்ப்பை நான் ஏற்பதற்கில்லை. நாடி பார்க்காமல் எழுதித் தரும் மருந்துச் சீட்டு அது.

நான் வாழும் இருங்காட்டுக்கோட்டையில் இது சிறிய செய்தி அன்று. 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உருண்டு வெளிவரும் ஊர் இது. சற்றே மேற்கே போனால் ஸ்ரீபெரும்புதூர். 2007-ல் டெல் நிறுவனம் கணிப்பொறித் தொழிற்சாலையே திறந்த ஊர். ஆனால் இச்சாலையோரத்து வீடுகளில் இருப்பவை பெரும்பாலும் பழைய கணிப்பொறிகள். கைமாறி வந்தவை, அல்லது 2011 செப்டம்பர் 15-ல் அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அண்ணனோ அக்காவோ பெற்றவை. ஒப்பந்தத் தொழிலாளியின் வீட்டில் 'வேறு வாங்கிவிடுங்கள்' என்ற சொல்லுக்குப் பொருள் என்ன? சில மாதச் சம்பளம், அல்லது தவணைக் கடன்! விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்த பிறகு இந்த அச்சுறுத்தல் இன்னும் கூடியிருக்கிறது.

முதலில் அந்த நூறைப் புரிந்துகொள்வோம். ஹார்டு டிஸ்க் நிரம்பிவிட்டது என்று பலர் எண்ணிக்கொள்கின்றனர், அதுவன்று. அதிவேகமாக வேலை செய்கிறது என்றும் பொருளன்று. ஓய்வே இல்லாமல் இருக்கிறது என்பதுதான் பொருள். நம் நூலகத்து உதவியாளரை எண்ணிப் பாருங்கள். ஒரே அலமாரியிலிருந்து ஐம்பது நூல்களை எடுக்கச் சொன்னால் ஒரே நடையில் முடித்துவிடுவார். ஐம்பது அலமாரிகளிலிருந்து ஒவ்வொரு நூலாகக் கேட்டால்? நாள் முழுவதும் ஓடுவார். மேசைக்கு வந்து சேரும் நூல்களோ சில. ஓட்டம் நூறு விழுக்காடு, பலன் சொற்பம்.

கணக்கும் இதையே காட்டுகிறது. மடிக்கணினி ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5400 சுற்று சுற்றுவது. ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிநொடி. வேண்டிய இடம் சுழன்று வரச் சராசரி அரைச் சுற்று; படிக்கும் முனை நகர இன்னும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி. ஆக, சிதறிக் கிடக்கும் இடங்கள் என்றால் நொடிக்கு அறுபது முறைதான் போய் வர முடியும். ஒவ்வொரு முறையும் 16 கிலோபைட் எடுத்தாலும் ஒரு மெகாபைட் தேறாது! தொடர்ச்சியாக எழுதவிட்டால் அதே வட்டு நொடிக்கு எண்பது, நூறு மெகாபைட் எழுதும். 1956-ல் ஐ.பி.எம். வெளியிட்ட முதல் டிஸ்க்கில் ஐம்பது தட்டுகள். கொள்ளளவு ஐம்பது லட்சம் எழுத்துகள். நிமிடத்திற்கு 1200 சுற்று. இன்றைய 500 ஜிகாபைட் வட்டின் கொள்ளளவு அதைப்போல் ஒரு லட்சம் மடங்கு. சுற்றும் வேகமோ நாலரை மடங்குதான். வயிறு பெருத்த அளவுக்குக் கால் வளரவில்லை.

நொடிக்கு 40 மெகாபிட் இணைப்பு என்பது வெறும் 5 மெகாபைட். அதை எழுதி வைப்பது எந்தப் பழைய வட்டுக்கும் பெரிய வேலையன்று. அப்படியானால் டவுன்லோடின்போது வட்டு ஏன் திணறுகிறது?

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் இதை நேரில் பார்த்தேன். பிளஸ் டூ படிக்கும் தங்கை பாடக் காணொளிகளை இறக்கும்போதெல்லாம் பழைய மடிக்கணினி உறைந்துவிடும். புதிது வாங்கச் சொல்லிக் கடையில் அனுப்பிவிட்டனர். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து, 'டிஸ்க்' பகுதியில் யார் எவ்வளவு எழுதுகிறார் என்று வரிசைப்படுத்தினோம். முதலிடம் பேஜ் ஃபைலுக்கு! நினைவகம் 4 ஜிகாபைட்தான். பிரவுசரில் இருபது பக்கங்கள் திறந்திருந்தன. இடம் போதாமல் ஹார்டு டிஸ்க்கையே நினைவகமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தது இயந்திரம். அடுத்தது, வந்து விழும் கோப்பை உடனுக்குடன் சோதிக்கும் வைரஸ் தடுப்பு. மூன்றாவதுதான் வேடிக்கை: டவுன்லோடு ஃபோல்டர், இணையச் சேமிப்போடு இணைக்கப்பட்ட ஃபோல்டருக்குள் இருந்தது, இறங்குகிற கோப்பு மறுபடியும் படிக்கப்பட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. டவுன்லோடு நான்காம் இடத்தில் அப்பாவியாக நின்றது.

வேண்டாத பக்கங்களை மூடினோம். ஃபோல்டரை வெளியே மாற்றினோம். முழுச் சோதனையை இரவுக்கு ஒதுக்கினோம். செலவு ஏதுமில்லை. அடுத்த காணொளி இறங்கும்போது அவள் பக்கத்தில் குறிப்பும் தட்டச்சு செய்தாள்.

எல்லா வீட்டிலும் காரணம் இதுவாகவே இருக்கும் என்று சொல்லமாட்டேன். டோரண்ட் கோப்பைத் துண்டு துண்டாக, முன்பின் மாறி இறக்குவது. அங்கே வேகத்துக்கு வரம்பு வைப்பதே நல்லது. விளையாட்டு மென்பொருள்கள் சுருக்கி வந்ததை விரித்து எழுதுபவை. இறக்குவதைவிட எழுதுவது அதிகம். சில ஹார்டு டிஸ்க்குகளில் ஓடு வேய்ந்ததுபோல் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். ஒரு தடத்தைத் திருத்த அடுத்த தடங்களையும் திரும்ப எழுத வேண்டும். வட்டே பழுதாகிக் 'கடக் கடக்' என்று ஓசை வருமானால், முதல் வேலை முக்கியக் கோப்புகளை வேறிடத்தில் படியெடுப்பது. மற்ற ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்.

எனக்குக் கோபமூட்டுவது நாட்டு வைத்தியந்தான். "அந்தச் சர்வீஸை நிறுத்து, இந்தச் சர்வீஸை நிறுத்து, வைரஸ் தடுப்பைக் கழற்றிவிடு" என்று நண்பர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கின்றனர். எது சுமை என்று பார்க்காமல் எதை நிறுத்துவது? காவல்காரர் வாசலில் நின்று கேள்வி கேட்கிறார் என்பதற்காக அவரை வேலையைவிட்டே நீக்குவார்களா?

எஸ்.எஸ்.டி. மாற்றினால் தீர்ந்துவிடாதா என்பார்கள். பெரும்பாலும் தீரும், சுழலும் தட்டும் நகரும் முனையும் அதில் இல்லை. புது இயந்திரத்தின் விலையில் சிறு பங்குதான் அது. செலவு செய்ய முடிந்தால் அதையே சொல்வேன். ஆனால் மலிவான எஸ்.எஸ்.டி.யிலும் வேகமான முன்பகுதி நிரம்பியபின் எழுதும் வேகம் சரியும் என்பதை அறிந்தே வாங்க வேண்டும்.

"இதெல்லாம் கணிப்பொறித் துறைக்காரர் பாடமன்றோ, வரலாறு படிக்கும் நமக்கு எதற்கு?" என்று ஒரு நண்பர் கேட்டார். உதவித்தொகை விண்ணப்பம் முதல் தேர்வுக் கட்டணம் வரை கணிப்பொறி வழியாகத்தானே போகிறது? மிதிவண்டியில் பஞ்சர் ஒட்டத் தெரிந்துகொள்ள யாரும் இயந்திரவியல் பட்டம் கேட்பதில்லை. எங்கள் ஊரில் ஷிஃப்டு முடிந்து வரும் இளைஞர் பகலெல்லாம் இயந்திரங்களோடு பழகியவர். வீட்டு மடிக்கணினியின் நான்கு திருகாணிகளைக் கழற்ற மட்டும் கை நடுங்குகிறது. கற்றுக்கொடுக்க ஆளில்லாததே காரணம் என்பேன்.

பேராசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். கணிப்பொறி அறையில் பயன்படாது என்று ஒதுக்கிய இயந்திரங்கள் இருக்குமானால், அவற்றில் ஒன்றைத் தாருங்கள். மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், எத்துறை மாணவரும் வரலாம் என்று அறிவியுங்கள். ரிசோர்ஸ் மானிட்டரைத் திறந்து படிக்க அரை மணி. ஒரு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்.எஸ்.டி. பொருத்த ஒரு மணி. திருப்புளி நாங்கள் கொண்டு வருகிறோம்.